கம்பளிக்குள் இருந்த குளிர்

2019ஆம் ஆண்டு தை மாதம் ஏழாம் திகதி, திங்கட்கிழமை, கனகராயன்குளத்தில் வடிவம்மாவின் சோளன் காணியில் நான்கு முழ அகலத்துக்கு மட்டும் மலைநாட்டுக் குளிர் அடித்தது. வேலிக்கு வெளியே முப்பது பாகை வெயில். வேலியில் காயப்போட்டிருந்த கம்பளியின் கீழே பன்னிரண்டு பாகை. மாங்குளத்தில் மாலை நேர விவசாய வகுப்புக்குப் போய்வரும் மகள் தயாளினி அதைக் கொப்பியில் குறித்து, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘என் பிழையாக இருக்கலாம்’ என்றும் எழுதினாள். வகுப்பிலிருந்து இன்னும் இரண்டு வெப்பமானிகளை இரவல் வாங்கி வந்து பார்த்தாள். அவையும் பன்னிரண்டையே காட்டின. அவற்றுக்கும் அடைப்புக்குறி போட்டாள்.

எழுபத்தேழு கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்த குடும்பங்கள் வீட்டுக்கொரு கம்பளியோடு வன்னிக்கு வந்திருந்தன. இந்த வெயிலில் அவற்றுக்கு வேலை இருக்கவில்லை. மலை வாசம் போய்விடும் என்று யாரும் துவைக்கவுமில்லை. நாற்பத்தொரு வருடம் டிரங்குப் பெட்டியில் மடித்தபடியே கிடந்த தன்னுடையதை, கறையான் ஏறியதால்தான் வடிவம்மா வெளியே எடுத்து வேலியில் போட்டாள்.

அதே கிழமைதான் படைப்புழுவும் வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் காணியை எரிக்காவிட்டால் ஊர் முழுக்கப் பரவும் என்று விவசாயப் போதனாசிரியர் பிரதீபன் சொல்லிவிட்டுப் போனார். எரித்தால் அடுத்த போகத்துக்கு விதைச் சோளனும் மிஞ்சாது.

“என்ன பிள்ளை, சோளனுக்குச் சளியோ? கம்பளி போத்திவிட்டிருக்கிறியள்?” என்று பக்கத்துக் காணி வீரபாகு சிரித்தார்.

ஆனால் கம்பளிக்குக் கீழே நின்ற பயிர்களின் குருத்தை விரித்தபோது புழுக்கள் விறைத்துக் கிடந்தன. அந்தப் புழு பரவும் இடத்துக்கு எல்லை போடுவது குளிர்தான் என்று வகுப்பில் படித்தது தயாளினிக்கு நினைவு வந்தது. குடியேற்றத்தின் மற்ற முப்பத்தேழு வீடுகளுக்கும் போய்க் கம்பளி கேட்டாள்.

“என்னாடி இது, புழுவுக்குப் போய்க் கம்பளி போத்துறியா?” என்றாள் வடிவம்மா.

“போத்த இல்லையம்மா, நடுங்க வைக்க.”

செவ்வாய் விடியவே முப்பத்தெட்டுக் கம்பளிகளும் காணியைச் சுற்றி வேலியில் ஏறின. உள்ளே மூடுபனி இறங்கியது. சோளனும் செத்துவிடுமோ என்ற பயத்தில் அவள் மணிக்கொரு தடவை இலையைத் தொட்டுப் பார்த்துக் குறித்தாள். மூன்று நாளுக்கு மேல் வைப்பதில்லை என்று முடிவெடுத்தாள். வெள்ளி காலை கம்பளிகளை எடுத்தபோது இலைகள் நுனியில் மட்டும் மஞ்சளித்திருந்தன. வரப்பெல்லாம் புழுக்கள் உதிர்ந்து கிடக்க, கோழிகள் தின்று முடிக்க முடியாமல் நின்றன.

நெருப்புப் பெட்டியோடு வந்த பிரதீபனுக்குக் கலையாத பனியில் நமத்துப்போய் ஒரு குச்சியும் பற்றவில்லை. ஐம்பது குருத்துகளை விரித்துப் பார்த்தார். படிவத்தில் ‘புழு இல்லை. காரணம்: குளிர்’ என்று வழக்கமாக மழையளவு எழுதுவதுபோல எழுதிக் கையெழுத்து வைத்தார். தயாளினி அன்றைய பன்னிரண்டைக் குறித்து முற்றுப்புள்ளி வைத்தாள். அடைப்புக்குறி போடவில்லை.

“பிள்ளை, அந்தச் சளி எங்கட காணிக்கும் கொஞ்சம் வேணும்,” என்று வேலியோரம் வந்து நின்றார் வீரபாகு.

இப்போது கம்பளிகள் முறை வைத்து ஊர்க் காணிகளுக்குப் போகின்றன. தென்னையில் வெள்ளை ஈ விழுந்ததும் பளைக்காரரும் கம்பளி கேட்டு லொறி அனுப்பினார்கள். கனகராயன்குளம் நெருங்கும்போது, “கண்ணாடியைச் சாத்துங்கோ, குளிர் வருது,” என்கிறார் பஸ் கண்டக்டர். எல்லாரும் சாத்துகிறார்கள்.