காவேரிக்குத் தெரிந்த கன்டோனீஸ்

ஒரகடம் ஜங்ஷனுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில், ஐந்தாவது மாடியில், லாவ் என்ற என்ஜினீயரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். ஹாங்காங்காரர்கள். பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் புது உற்பத்தி லைன் போட்டுக் கொடுக்க வந்திருந்தார் லாவ். அந்த வீட்டில் சமையலுக்கும் மேல்வேலைக்கும் காவேரி போய்க்கொண்டிருந்தாள்.

காவேரிக்குப் பென்னலூர். முன்பு ஒரு செல்போன் கம்பெனியில் கான்ட்ராக்டில் லைனில் நின்றவள். கான்ட்ராக்ட் முடிந்து வீட்டில் சும்மா இருந்தபோது, அவள் கணவன் திருமலைதான் இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தான். லாவ் போய்வரும் காரை ஓட்டியவன் அவன்தான். வெளிநாட்டுக்காரர்களின் வீடு, வண்டி, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் கவனித்துக்கொண்ட அட்மின் மேனேஜர் தசரதன், சரி வரட்டும் என்று ஒரு வார்த்தை சொல்ல, மறுநாளே காவேரி சேர்ந்துவிட்டாள்.

லாவுக்கு ஆங்கிலம் வரும். ஆனால் காலையில் போனால் இருட்டித்தான் திரும்புவார். அவர் மனைவிக்கு ஓகே, குட் என்பதைத் தாண்டி ஒன்றும் வராது. காவேரிக்கு லைனில் பழகிய ஆங்கிலம்தான். பகல் முழுக்க இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதாயிற்று. முதலில் போனில் பேசினால் மாற்றிச் சொல்லும் ஆப்பை வைத்துப் பார்த்தார்கள். பெட்ஷீட்டைத் துவைக்கட்டுமா என்று காவேரி கேட்டதற்கு அது எதையோ சொல்லித் தொலைக்க, அந்தம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டுப் போனை எடுத்து அலமாரிமேல் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து கையால் தொட்டுக் காட்டித்தான் பேச்சு.

திருமதி லாவ் என்பதற்கு அவர்கள் மொழியில் லாவ் தாய் என்பார்களாம். காவேரியும் அப்படியே கூப்பிட்டாள். காலையில் கதவைத் திறந்ததும் லாவ் தாய், "சிக் சோ ஃபான் மெய்?" என்பாள். சாப்பிட்டாயா என்று அர்த்தம். நம்மைப் போலவே இவர்களும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள் என்பது காவேரிக்குப் பிடித்திருந்தது. தோங் என்பதை உயர்த்திச் சொன்னால் சூப், தாழ்த்திச் சொன்னால் சர்க்கரை. அது தெரியாமல் ஒருநாள் எலும்பு சூப்பில் சர்க்கரையைக் கொட்டிவிட்டாள். லாவ் தாய் ஒரு வாய் குடித்துவிட்டு, திட்டாமல், இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லி அவளையும் சொல்ல வைத்தாள். உப்பு டப்பாவைக் கவிழ்த்துக் காட்டி "மோ சோ" என்றாள். தீர்ந்துபோச்சு. காவேரியின் கண்ணில் தூசி விழுந்த அன்று அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு "மய் யுக், மய் யுக்" என்றாள். அசையாதே. சந்தையில் தக்காளிக்காரன் அடியில் அழுகியதைப் போட்டுக் கொடுத்தபோது, "ஙாக்" என்ற சொல் கிடைத்தது. ஏமாற்றுவது. இப்படியே, யாரும் உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுக்காமல், அடுப்படியிலும் சந்தையிலும் அந்த மொழி காவேரியின் நாக்கில் வந்து ஒட்டிக்கொண்டது. லாவ் தாயும் போதும், வேணாம், இன்னா என்று சொல்லப் பழகினாள்.

லாவ் தாய் முழுகாமல் இருந்தாள். ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. ஊருக்கு வந்துவிடு என்று அவள் அம்மா தினமும் போனில் சொல்லிக்கொண்டிருக்க, புருஷனை விட்டுப் போக மாட்டேன் என்று இவள் இருந்துவிட்டாள். லாவ் சீனாவில் இருக்கும் தாய்க் கம்பெனிக்கு அவசர வேலையாகப் போயிருந்தார். திரும்பி வந்ததும் இருவருமாக ஹாங்காங் போவதாக ஏற்பாடு.

அவர் இல்லாத அந்த வாரத்தில் ஒரு காலையில் காவேரி கதவைத் திறந்தபோது, சாப்பிட்டாயா என்ற குரல் வரவில்லை. லாவ் தாய் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் வயிற்றில் வைத்திருந்தாள்.

"பீபீ ம் யுக்," என்றாள்.

குழந்தை அசையவில்லை.

காவேரி இரண்டு பெற்றவள். சில சமயம் அப்படித்தான் இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, சர்க்கரை கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இடது பக்கமாகப் படுக்க வைத்துக் காத்திருந்தாள். ஒன்றும் இல்லை. திருமலைக்குப் போன் போட்டாள். அவன் காரோடு வந்தான். ஸ்ரீபெரும்புதூரில் லாவ் தாய்க்குப் பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள். திருமலை ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

ஸ்கேன் அறையில் டாக்டர் பிரவீனா திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு லாவ் தாயின் தோளைத் தட்டிவிட்டு வெளியே போனார். லாவ் தாய் காவேரியைப் பார்த்தாள். காவேரி டாக்டருக்குப் பின்னாலேயே போனாள்.

வராந்தாவில் தசரதன் வந்திருந்தார். டாக்டர் அவர் போனில் லாவிடம் ஆங்கிலத்தில் பேசினார். ஹார்ட்பீட் என்ற சொல்லும் நோ என்ற சொல்லும் காவேரிக்குப் புரிந்தன. அது போதுமாக இருந்தது. மறுமுனையில் லாவ் அழுதது போனுக்கு வெளியிலும் கேட்டது. அவர் சொன்னதைத் தசரதன் பிறகு சொல்லித்தான் காவேரிக்குத் தெரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இப்படியே ஒரு குழந்தை போனபோது லாவ் தாய் பல வாரம் சாப்பிடாமல் கிடந்தாளாம். இப்போது அந்நிய ஊரில், பக்கத்தில் யாரும் இல்லாமல் அவளுக்கு இது தெரியக்கூடாது, நானே வந்து சொல்கிறேன், நாளை ராத்திரி வந்துவிடுவேன், அதுவரை சொல்லாதீர்கள் என்று கெஞ்சினார். உடம்புக்கு ஒரு நாளில் ஆபத்து இல்லை, ஆனால் அந்தம்மாளிடம் மறைப்பது சரியில்லை என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். கடைசியில் அரைமனதாக ஒத்துக்கொண்டார்.

தசரதன் காவேரியிடம் வந்தார். "பாப்பா தூங்குதுன்னு சொல்லும்மா. அவங்க பாஷையில உனக்குத்தான் சொல்லத் தெரியும். சார் வர்ற வரைக்கும் அவ்ளோதான்."

தூங்குவதற்கு ஃபன் காவ். அது காவேரிக்குத் தெரியும். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் லாவ் தாய் சொல்லும் சொல். உள்ளே போய், கட்டில் ஓரத்தில் நின்று, "பீபீ ஃபன் காவ்," என்றாள்.

லாவ் தாய் கண்ணை மூடி மூச்சு விட்டாள். பிறகு சிரித்தாள். வயிற்றை மெல்லத் தட்டி, சோம்பேறி என்று திட்டுவதுபோல் என்னவோ சொன்னாள். பசிக்கிறது என்றாள். காவேரி கேன்டீனிலிருந்து இட்லி வாங்கி வந்து கொடுக்க, இரண்டு சாப்பிட்டுவிட்டு மூன்றாவதும் கேட்டாள். காவேரிக்கு அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீர் பிடித்து வருவதாகப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

பார்க்கிங்கில் திருமலை காருக்குள் இருந்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்தம்மா என் மூஞ்சியவே பாத்துக்கினு கீதுங்க," என்றாள் காவேரி. "நான் சொன்னேன்னு நம்பி இட்லி துன்னுது."

"அது அவங்க வூட்டு விஷயம். பெத்தவரு வந்து சொல்லிக்கிறேன்றாரு. நடுவுல நீ இன்னாத்துக்கு? ரெண்டு பேரு வேலையும் அங்கதான் கீது, யோசிச்சுக்கோ."

அவன் சொன்னதில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு மேலே போனாள்.

ஆனால் லாவ் தாயின் முகம் மாறியிருந்தது. இடையில் புருஷனிடம் பேசியிருக்கிறாள். எல்லாம் நன்றாக இருக்கிறது, நாளைக்கே வருகிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். நன்றாக இருந்தால் ஏன் வேலையைப் போட்டுவிட்டு வர வேண்டும்? போனில் கேள்வியை ஆங்கிலமாக மாற்றி நர்ஸிடம் காட்டியிருக்கிறாள். நர்ஸ் படித்துவிட்டு, டாக்டர் வருவார் என்று கையைக் காட்டிவிட்டு நழுவியிருக்கிறாள். இதையெல்லாம் பாதி சொல்லாலும் பாதி கையாலும் சொன்னாள். பிறகு காவேரியின் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள்.

"யுக் ம் யுக்?"

அசைகிறதா, இல்லையா? காவேரியின் உள்ளங்கைக்குக் கீழே சூடாக, இறுக்கமாக இருந்தது. வேறொன்றும் இல்லை. இப்போதும் ஃபன் காவ் என்று சொல்லிவிடலாம். வாயைத் திறந்தாள், வரவில்லை.

"காவேரி. ஃபன் காவ், ஹய் ம் ஹய்?"

தூங்குகிறதுதானே என்று கேட்டாள். ஆமாம், இல்லை என்ற இரண்டில் ஒன்றுதான் பதில்.

"ம் ஹய்," என்றாள் காவேரி. "பீபீ..."

செத்துப்போவதற்கு அவர்கள் மொழியில் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அந்த வீட்டில் அதைச் சொல்ல வேண்டிய வேளை வந்ததில்லை. அவளிடம் இருந்தவை சமையலறைச் சொற்கள்.

"பீபீ மோ சோ," என்றாள்.

சொன்ன பிறகுதான், உப்புக்கும் அரிசிக்கும் சொல்வதை இதற்குச் சொல்லிவிட்டோமே என்று உறைத்தது. ஆனால் லாவ் தாய்க்குப் புரிந்துவிட்டது. அவர்களும் அதற்கு அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது. "சன் ஹய்?" என்று மட்டும் கேட்டாள். நிஜமாகவா? காவேரி தலையசைத்தாள்.

லாவ் தாய் அலறவில்லை. பேச ஆரம்பித்தாள். வேகமாக, தாழ்ந்த குரலில், சுவரைப் பார்த்துக்கொண்டு பேசிக்கொண்டே போனாள். அதில் ஒரு சொல்கூடக் காவேரிக்குப் பிடிபடவில்லை. இத்தனை மாதம் பழகிய மொழி இதுவா என்று இருந்தது. அருகே போய்த் தோளைப் பிடித்தாள். லாவ் தாய் அந்தக் கையைத் தள்ளிவிட்டு அவளை நேராகப் பார்த்தாள்.

"நேய் ஙாக் ஙோ."

நீ என்னை ஏமாற்றிவிட்டாய். அது மட்டும் முழுசாகப் புரிந்தது.

அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. லாவ் தாய் புருஷனைப் போனில் கூப்பிட்டுக் கத்தினாள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு அழுதாள். டாக்டர் ஓடி வந்தார். தசரதன் காவேரியை வராந்தாவுக்கு இழுத்து வந்து, உன்னை நம்பினதுக்கு நல்ல வேலை பண்ணினே என்று ஆரம்பித்தார். டாக்டர் பிரவீனா அவரைப் பேச விடவில்லை. "அவங்க கிட்ட நான் சொல்லியிருக்கணும் சார். இவங்க தலையில கட்டினது என் தப்பு," என்றார்.

புருஷனுக்காகக் காத்திருக்க மாட்டேன் என்று லாவ் தாய் சொல்லிவிட்டாள். வலி வர மருந்து கொடுத்தார்கள். மறுநாள் பகலில் குழந்தை பிறந்தது. பெண். பிரசவ அறைக்குள் காவேரியை அனுமதித்தார்கள். முக்கு, மூச்சு விடு என்று டாக்டர் சொன்னதையெல்லாம் அவள் சொல்லத் தெரிந்த மட்டும் சொன்னாள். சொல் கிடைக்காத இடத்தில் செய்து காட்டினாள். லாவ் தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. குழந்தையைக் காட்டட்டுமா என்று நர்ஸ் தூக்கியபோது, "வேணாம், வேணாம்," என்று தமிழில் சொல்லிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நர்ஸ் குழந்தையைத் துடைத்தாள். காவேரிதான் வெள்ளைத் துணியைப் பிடித்து விரித்தாள்.

லாவ் வந்து சேர்ந்தபோது துணி சுற்றிய பொட்டலம்தான் அவர் கையில் கொடுக்கப்பட்டது. பிரித்துப் பார்க்க அவருக்கும் தைரியம் வரவில்லை. தசரதன் ஒரு கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டு ஏற்பாடு செய்தார். இரண்டு நாள் கழித்து அவர் காவேரியைக் கூப்பிட்டு, இனி அந்த வீட்டுக்கு வர வேண்டாம் என்று லாவ் சொல்லிவிட்டதாகச் சொன்னார். திருமலையை மறைமலை நகர் பக்கம் ஸ்டாஃப் வேனுக்கு மாற்றினார்கள். அவன் காவேரியைத் திட்டவில்லை. பேசவும் இல்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டான், காலையில் இருட்டோடு எழுந்து போனான். அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

தப்புச் செய்தோமா என்று அவள் பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். உண்மையைச் சொன்னது அவளை வாட்டவில்லை. அதற்கு முன் அந்தம்மாளைச் சிரிக்க வைத்ததும், இட்லி சாப்பிட வைத்ததும்தான் தொண்டையில் நின்றன.

பத்துப் பதினைந்து நாள் இருக்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் துணி அலசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"காவேரி. லேய் லா," என்றது குரல். வா.

ஷேர் ஆட்டோ பிடித்துப் போனாள். வீடு முழுக்கப் பெட்டிகள். அன்று மாலை அவர்கள் ஊருக்குப் போகிறார்கள். லாவ்தான் கதவைத் திறந்தார். அவளைக் கண்டதும் சற்றுத் தயங்கிவிட்டு, ஒதுங்கி வழிவிட்டார். பிறகு பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார்.

லாவ் தாய் இளைத்துப்போயிருந்தாள். காவேரியை மேஜைக்கு எதிரே உட்காரச் சொன்னாள். அந்த வீட்டில் காவேரி நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான். லாவ் தாய் தன் முகத்தைத் தொட்டாள். பால்கனியில் நின்றவரைக் காட்டினாள். கைகளைக் கூட்டிக் குழந்தையை ஏந்துவதுபோல் வைத்துக்கொண்டு, "பின் கோ?" என்றாள்.

யார்? யாரைப் போல் இருந்தாள்?

அந்த முகத்தை நன்றாகப் பார்த்தவள் அவள்தான். லாவ் தாயைக் கைகாட்டினாள். பிறகு தலைமுடியைத் தொட்டு, "ஹோ தோ," என்றாள். நிறைய. கறுப்பாக, காது வரைக்கும் என்று விரலால் காதின்மேல் கோடு இழுத்துக் காட்டினாள். நெற்றி இவ்வளவு அகலம். உதடு சிறுசு. விரல்கள் நீளம், அதற்குச் சொல் தெரியாமல் லாவ் தாயின் விரலைப் பிடித்து நுனி வரை தடவிக் காட்டினாள். லாவ் தாய் ஒவ்வொன்றுக்கும் தன் மொழியில் பெயர் சொன்னாள். காவேரி திருப்பிச் சொன்னாள். தப்பாகச் சொன்னால் லாவ் தாய் திருத்தினாள். நடுவில் கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. லாவ் பால்கனியிலிருந்து வந்து, மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

காலில் ஆறு விரலோ என்று சந்தேகப்பட்டவள்போல் லாவ் தாய் பாதத்தைக் காட்டிக் கேட்டாள். அவள் அம்மாவுக்கு அப்படி உண்டாம். இல்லை, ஐந்துதான், எல்லாம் சரியாக இருந்தது என்று காவேரி சொன்னாள்.

மன்னிப்பைப் பற்றி இருவரும் பேசவில்லை. காவேரிக்கு அதற்கான சொல்லும் தெரியாது. மாலையில் வேறொரு டிரைவர் வந்து பெட்டிகளை ஏற்றினான். லிஃப்ட் வரை போன லாவ் தாய் திரும்பி வந்து, காவேரியின் கன்னத்தில் உள்ளங்கையை ஒரு கணம் வைத்துவிட்டுப் போனாள்.

காவேரி கேட்டுக்கு வெளியே நின்றாள். ஷிஃப்ட் விடும் நேரம். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்ததால் ரோட்டைத் தாண்ட முடியவில்லை. நின்ற இடத்திலேயே, முடிக்கும் நெற்றிக்கும் விரலுக்கும் அன்று கற்ற சொற்களை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.