அணுகுண்டுக்கு வெட்டிய பங்கர்

சுதாகரன் எங்களுக்குத் தரவேண்டியிருந்தது இருபத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபா. எனக்கும் வடிவம்மாக்காவுக்கும் ஐந்து நாள் கூலி. என் பங்கு வெள்ளிக்கிழமைக்குள் கைக்கு வந்தால் அடைவு வைத்த தோட்டை மீட்கலாம். தவறினால் தோடு ஏலத்துக்குப் போய்விடும்.

சுதாகரன் புதுக்குடியிருப்பில் கலியாண வீடு, சாமத்திய வீடு என்று வீடியோ எடுக்கிற பெடியன். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். இப்போது சொந்தமாக ஒரு படம் எடுக்கிறான். வேலைக்குக் கூப்பிட்ட அன்றே கதையையும் சொன்னான். உடையார்கட்டில் பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று கணினியில் நோண்டிக்கொண்டே போய், கடலுக்கடியில் நிற்கும் நீர்மூழ்கி ஒன்றின் இயந்திரத்துக்குள் நுழைந்துவிடுகிறாள். அங்கே அணுகுண்டு ஏவுகணை கிளம்பத் தயாராக நிற்கிறது. சனமெல்லாம் ஓட, பிள்ளை பங்கர் என்கிற பதுங்குகுழிக்குள் இருந்தபடி அதை நிறுத்தவேண்டும். அந்தப் பங்கரை வெட்டத்தான் நாங்கள்.

மண் நல்ல இறுக்கம். அலவாங்கால் கிளப்பி, மண்வெட்டியால் அள்ளி, கடகத்தில் மேலே ஏற்றினோம். வாசலில் இருந்து கொஞ்சத் தூரம் போனதும் வடிவம்மாக்காவின் மண்வெட்டி இடப்பக்கம் திரும்பியது. நானும் திரும்பினேன். வளைப்போமா என்று அவவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு முடித்தோம்.

சுதாகரன் கமராவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திப் பார்த்தான். பிறகு கமராவை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தான்.

“என்னக்கா இது? உள்ளுக்கை ஒண்டுமே தெரியேல்லை. சுவர்தான் தெரியுது.”

“வளைவு தம்பி. வளைவுக்கு அங்காலதான் இருக்கிற இடம்” என்றேன் நான்.

“நேரா வெட்டுறதுக்கென்ன?”

“வாசல்லை ஷெல் விழுந்தால் துண்டெல்லாம் நேர உள்ளுக்கை வரும். வளைச்சால் சுவரோட நிண்டிடும்.”

அவன் தலையில் கைவைத்தான். “ஐயோ அக்கா, இது படம். ஷெல் வராது. வாறது அணுகுண்டு. அது விழுந்தால் நேரென்ன, வளைவென்ன, ஊரே ஆவியாப் போயிடும்.”

“அப்ப என்னத்துக்கு ராசா எங்களை இவ்வளவு நாளும் கிண்ட வைச்சனி?” என்றா வடிவம்மாக்கா. படத்தில் நடிக்க வந்த பிள்ளை கிருசாந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. “அந்த மூலையை வெட்டி நேராக்கித் தாங்கோ. பிறகு காசு தாறன்.”

அரைநாள் வேலைதான். ஆனாலும் நான் மண்வெட்டியை எடுக்கவில்லை.

“மாட்டன் தம்பி. இந்தப் படத்தைச் சின்னப் பிள்ளையள்தான் பாக்கப் போகுதுகள். அதுகளுக்குப் பங்கர் எண்டால் என்னெண்டே தெரியாது. நீங்கள் காட்டுறதுதான் பங்கர் எண்டு நினைக்குங்கள். நாளைக்கு உண்மையா ஒண்டு வந்து, அதுகள் நேரா வெட்டிப்போட்டு அதுக்குள்ளை இருந்தால்?”

“அப்பிடியெண்டால் காசில்லை” என்று சொல்லிவிட்டு அவன் மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

வடிவம்மாக்கா என்னைப் பிடித்துக்கொண்டா. “எடியே இரஞ்சிதம், வராத குண்டுக்குப் பயந்து வாற காசை விடுறியே? வெட்டிக் குடுத்திட்டு வா. உன்ர தோடு போனால் பங்கரே காதிலை தொங்கும்?”

“நீங்கள் வேணுமெண்டால் வெட்டுங்கோ அக்கா. நான் மறிக்கேல்லை.”

அவ மண்வெட்டியோடு உள்ளே இறங்கினா. ஒரு வெட்டும் கேட்கவில்லை. பிறகு மேலே வந்து, “எனக்கு நாரி பிடிச்சிட்டுது” என்று இடுப்பைப் பிடித்தபடி சொல்லி, மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டா.

அடுத்தநாள் சுதாகரன் சின்னராசா அண்ணையைக் கூட்டிவந்தான். சின்னராசா அண்ணை கிணறு வெட்டுகிறவர். உள்ளே இறங்கினார், வளைவைத் தடவினார், கூரையைத் தட்டினார். இறங்கிய மாதிரியே ஏறி வந்தார்.

“வடிவா வெட்டியிருக்கினம். இதிலை என்னத்தைத் திருத்துறது?”

“நேராக்கோணும் அண்ணை.”

“பங்கரையோ?” என்று கேட்டார். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். “வேற ஆளைப் பார் தம்பி.”

சுதாகரன் மண்மூட்டையில் குந்திவிட்டான். பின்னேரம் படம் பிடிக்கவேண்டும். ஓடிவரச் சனத்துக்கும் சொல்லியாயிற்று.

கிருசாந்தி மடிக்கணினியோடு உள்ளே போய் இருந்துகொண்டாள். வெயிலுக்கு அங்கே நல்ல குளிர். சற்று நேரத்தில் உள்ளிருந்து கூப்பிட்டாள்.

“அண்ணா, இந்த லப்டொப்பிலையும் கமரா கிடக்குத்தானே? அந்தப் பிள்ளை நீர்மூழ்கிக்குள்ளை பூருது எல்லோ. அப்ப அவங்களும் இவளின்ர கமராக்குள்ளை பூந்து இவளைப் பாப்பாங்கள்தானே? அவங்கள் பாக்கிற மாதிரியே எடுங்கோவன்.”

சுதாகரன் எழும்பினான். உள்ளே போனவன் கனநேரம் வெளியே வரவில்லை. திரை வெளிச்சத்தில் அவள் முகம், பின்னால் எங்கள் மண்சுவர். அதைத்தான் எடுத்தான். பிறகு சனம் ஓடிவருவதை எடுத்தான். கத்திக்கொண்டு ஓடிவரச் சொன்னான். ஒருவரும் கத்தவில்லை. பிள்ளைகளை முன்னால் விட்டு, குனிந்து, ஒருவர் பின் ஒருவராக இறங்கிப் போனார்கள். “கட்” என்று சொல்ல அவன் மறந்துபோனான்.

படப்பிடிப்பு முடிந்ததும் இருபதாயிரம் ரூபாவை என்னிடம் நீட்டினான்.

“மிச்சத்துக்குப் பதிலா உங்கட ரெண்டு பேரின்ர பேரையும் படத்திலை போடுறன் அக்கா. கலை இயக்கம் எண்டு.”

“பெரிய எழுத்திலையோ?” என்றா வடிவம்மாக்கா.

“பேரைப் போடுங்கோ, போடாமல் விடுங்கோ” என்றேன் நான். “மிச்சம் ஏழாயிரத்து ஐந்நூறு.”

“நான் சொன்ன மாதிரி நீங்கள் வெட்டித் தரேல்லையே.”

“இண்டைக்குப் படம் எடுத்தது எந்தப் பங்கருக்குள்ளை தம்பி?”

அவன் பொக்கற்றைத் தடவிப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரிந்தது. “வெள்ளிக்கு முதல் தாறன்” என்றான்.

அந்த இருபதாயிரத்தில் வடிவம்மாக்காவின் பங்கை முழுதாகக் கொடுத்தேன். அவ வேண்டாம், பாதி எடு என்றா. பிடிவாதம் என்னுடையது, அதற்கு அவ ஏன் காத்திருக்கவேண்டும்? எனக்கு மிஞ்சியது ஆறாயிரத்து இருநூற்றைம்பது. அதற்குத் தோடு வராது.

வியாழக்கிழமையும் போனது. சுதாகரன் வரவில்லை. வெள்ளி காலையில் நானே பஸ் ஏறிப் புதுக்குடியிருப்புக்குப் போனேன். அவன் கடை பூட்டிக் கிடந்தது. விசாரித்ததில், கோயிலடியில் ஒரு சாமத்திய வீட்டில் நிற்கிறான் என்றார்கள். அங்கே போனேன். பந்தலில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அவன் கமராவுக்கு நேர் முன்னால் இருந்தேன்.

“அக்கா, மறைக்கிறியள்.”

“ஓம், தெரியும்.”

வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சுதாகரன் அவரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய் ஏதோ கதைத்தான். திரும்பிவந்து என் கையில் காசை வைத்தான். எண்ணினேன். ஏழாயிரத்து ஐந்நூறு, சரியாக இருந்தது. கதிரையைப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, அடைவுகடை பூட்ட முதல் நடந்தேன்.