சதீஸின் தொண்டையில் தங்கிவிட்ட குரல்

யட்டியாந்தோட்டைக்கு மேலேயுள்ள ரப்பர் தோட்டத்தில் சதீஸ் யாரைப்போலப் பேசிக் காட்டினாலும், அவன் முடிக்கும்வரை அந்த ஆளுக்குக் குரல் இருக்காது. பதினோரு வருடங்களுக்கு முன் தீபாவளி மேடையில் அவன் கணக்கப்பிள்ளையைப்போல ஏசத் தொடங்கியபோது, முன்வரிசையில் இருந்த கணக்கப்பிள்ளை வாயைத் திறந்து திறந்து மூடினார். தோட்டம் அதற்கும் ஓர் ஒழுங்கு கண்டுகொண்டது. யாரைச் செய்யப்போகிறானோ அவரிடம் முதலில் கேட்டுக்கொள்வான். கடைவீதியில் சில்லறைக்கடை வைத்திருக்கும் புவாட், "என்னயச் செய்யிறண்டா வெள்ளிக்கிழம பள்ளிவாசல்ல குத்பாப் பிரசங்கம் ஓதுற நேரம் செய்ங்க தம்பி, அந்நேரம் எனக்கும் பேச ஏலாதானே" என்று சொல்லிவைத்திருந்தார். செய்து முடித்ததும், காலைப் பிரட்டில் வேலைக்கு வந்தவர்களைப் பேர் கூப்பிடுவதுபோல, அந்த ஆளின் பெயரைத் தன் குரலில் கூப்பிட்டு, அவர் குரலில் "இருக்கேங்க" என்று பதில் சொல்வான். உடனே குரல் உரியவரிடம் போய்விடும். ஓர் இரவு தாண்டினால் போகாது. ஒருமுறை அயலில் இருந்த செல்லையா வீட்டுச் சேவலைப்போலக் கூவிவிட்டு மறந்து தூங்கிப்போனான். அந்தச் சேவல் கறியாகும்வரை கூவவே இல்லை.

அவன் மனைவி சுமித்ராவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் அதில் எழுதத் தெரியாது. அவர்கள் உட்படப் பதினொரு குடும்பங்கள் வரிசையறைகளில் இருக்கும் லயத்தின் கூரை உளுத்துப்போயிருந்தது. வீடு கட்ட நிலம் கேட்டவர்களைத் திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கேகாலையில் ஓர் அலுவலகத்துக்கு விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு அவ்வளவாகச் சிங்களம் வராததால் லயம் சார்பில் பேசுவது சுமித்ரா என்று முடிவாகி, மூன்று வாரமாகக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "திங்கக்கெழம வரைக்கும் என்னைய மட்டும் செய்யாதீங்க" என்றாள். அவன் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான்.

அந்தச் சனி, ஞாயிறு பழைய துரை பங்களாவில் நடந்த ஹோட்டலில் கொழும்புக்காரர்களுக்குப் பியர் ருசி பார்க்கும் விழா. ஞாயிறு நான்கு மணிக்குச் ஆட்களைச் சிரிக்கவைக்கும் சதீஸின் பகிடி நிகழ்ச்சி; கூலி வாங்கி அவன் செய்யும் முதல் நிகழ்ச்சி அது. சனிக்கிழமை அவனையும் மேசையில் உட்காரவைத்துப் பன்னிரண்டு சின்னக் கிளாஸ் வைத்தார்கள். மற்றவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை வாளியில் ஊற்றினார்கள். விருந்துக்குப் போன வீட்டில் கொடுத்ததை மிச்சம் வைப்பது லயத்தில் மரியாதை இல்லை. சதீஸ் பன்னிரண்டையும் அடிவரை குடித்தான். ஞாயிறும் அப்படியே.

மேடையில் கங்காணியைச் செய்தான். கங்காணியைக் கண்டிராதவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அவன், கண்ணாடி முன் நிற்கும் ஒரு பெண்ணைச் செய்தான். தோட்டத்து இழுப்போடு, "மஹத்தயா, அப்பே வஹல கெடிலா" என்றான். ஐயா, எங்கள் கூரை உடைந்துவிட்டது என்று அர்த்தம். புல்வெளி முழுக்கச் சிரித்தது. இன்னொருமுறை கேட்டார்கள். நான்குமுறை செய்தான். கைதட்டலுக்கிடையே யாரோ இன்னொரு கிளாஸைக் கையில் கொடுத்தார்கள். பேர் கூப்பிடாமலே பிரம்பு நாற்காலியில் தூங்கிப்போனான்.

திங்கட்கிழமை வெயில் முகத்தில் பட்டபோது எழுந்தான். "சுமித்ரா" என்று கூப்பிட்டான். "இருக்கேங்க" என்று தன் தொண்டையிலிருந்தே பதில் வந்தது, குரல் அங்கேயே தங்கிவிட்டது. அவன் பஸ் பிடித்துக் கேகாலைக்குப் போகும்போது பதினொரு மணி. விசாரணை முடிந்து சுமித்ரா நடையில் வாங்குப்பலகையில் உட்கார்ந்திருந்தாள். ஞாயிறு மாலையிலிருந்தே குரல் இல்லாதவள், எப்படியும் திரும்பிவிடும் என்று நம்பி வந்திருந்தாள். பேர் கூப்பிட்டதும் எழுந்து வாயைத் திறந்தாளாம். அதிகாரி நல்ல மனிதர், தண்ணீர் கொடுத்துப் பத்து நிமிடம் காத்திருந்தார். அவள் தமிழில் எழுதிக் கொடுத்தாள். தமிழ் வாசிக்கும் கிளார்க் அன்று லீவு. அந்த வருடத்து நிலம் வேறொரு தோட்டத்துக்குப் போனது.

லயத்தில் யாரும் அவனை அடிக்கவில்லை. கூரைமேல் பிளாஸ்டிக் விரித்துக்கொண்டிருந்த செல்லையா மட்டும், "ஏன்டா சதீஸு, பன்னெண்டு கெலாசுக்குப் பதினோரு வீட்டுக் கூரையா?" என்று கேட்டார். அதன்பிறகு அவன் மேடை ஏறவில்லை. சுமித்ரா எதையாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதிக் கொடுப்பாள். அவன் பக்கத்தில் நின்று அவள் குரலில் சொல்வான். கடையில் விலை கேட்பதும், பிள்ளைகளை அதட்டுவதும் அப்படித்தான் நடந்தது.

இரண்டு வருடம் கழித்து, ஒரு மழை நாள் மாலையில், அவள் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள். அவன் அவள் குரலில் வாசித்தான்: "நான் உங்கள இன்னும் மன்னிக்கலங்க." அவள் விரலால் காகிதத்தைத் தட்டினாள். 'இன்னும்' என்று அதில் எழுதியிருக்கவில்லை. அவன் அந்தச் சொல்லை விட்டுவிட்டு முதலிலிருந்து மறுபடி சொன்னான். சுமித்ரா பேசுகிறாள் என்று பக்கத்து வீட்டுக் காம்பராவில் ரேடியோவைக் குறைத்தார்கள்.