கரையாத கட்டி

விடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது. கரையேற்றி நிறுத்திய படகின் அடியில் நான்கு பெண்கள் மல்லாந்து படுத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். சிமெண்ட் தரையின் ஈரம் முதுகில் ஏறி எலும்பைத் தொட்டது. பலகையில் அப்பிக்கிடந்த சிப்பிகள் இலேசில் விடுவதாக இல்லை. சுரண்டியை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சைக் கட்டி, ஓங்கித் தள்ள வேண்டும். பெயர்ந்து வருவதெல்லாம் நேராக முகத்தில்தான் விழும். கண்ணில் விழுந்தால் துடைக்கவும் கூடாது. விஷப் பெயின்ட் ஏறிய கை, கண்ணில் இருக்கும் தூசியைவிட மோசம். தலையைச் சாய்த்து அழுதுகொள்ள வேண்டியதுதான்.

"அழறதுக்குத் தனியாக் கூலி உண்டான்னு முதலாளியக் கேட்டுச் சொல்லுங்க அண்ணி" என்றாள் நெட்டச்சி. நல்ல உயரம். படகுக்கு அடியில் அவள் கால் மட்டும் எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

பக்கத்தில் படுத்துச் சுரண்டிக்கொண்டிருந்தவளைத்தான் கேட்டாள். அந்தப் படகுப் பட்டறையில் எல்லோருக்கும் அவள் அண்ணி. முறைப்படி, என்ஜின் வேலை பார்க்கும் ஃபிட்டர் ஒருவனுக்குத்தான் அண்ணி. அவனுடைய அண்ணன் மனைவி. அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு அவளை இங்கே பெயின்ட் அடிக்கச் சேர்த்துவிட்டவன் அவன்தான். அவன் கூப்பிடுவதைக் கேட்டு மற்றவர்களும் கூப்பிடத் தொடங்கி, கடைசியில் படகைக் கரைக்கு இழுக்கும் விஞ்சு ஓட்டுகிற அறுபது வயதுக்காரருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். வழக்கமாக நெட்டச்சியின் கிண்டலுக்கு அவளிடம் பதில் தயாராக இருக்கும். இன்று அவள் சுரண்டியைத்தான் ஓங்கித் தள்ளினாள். உடைந்த படகு வருகிறது என்று நேற்றே சொல்லிவிட்டார்கள்.

வெளிச்சம் வந்த நேரத்தில் அதை இழுத்து வந்தார்கள். விஞ்சு முனகிக்கொண்டே கம்பியைச் சுருட்டியது. தண்ணீர் வழிய வழிய படகு தண்டவாளத்தில் ஏறி நின்றது. பக்கவாட்டில் மூன்று பலகைகள் உள்ளே போயிருந்தன. இரண்டு நாளுக்கு முன்னால் துறைமுக வாயில் அலைக்கு எதிராகத் திரும்பும்போது, என்ஜின் ஓடியதாம், படகு நகரவில்லையாம். அலை தூக்கிக் கல்லில் போட்டது. கல்லுக்கும் படகுக்கும் நடுவில் போனவர் சமையல்காரர். எல்லோருக்கும் இரண்டாவது தட்டு சோறு வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவார் என்று பெயர் எடுத்த மனிதர்.

அண்ணி பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் காத்தாடியின் மூன்று இதழ்களில் ஒன்று அடியோடு போயிருந்தது. முறிந்த இடம் பித்தளை நிறத்தில் இல்லை. செங்கல்லை உடைத்தது போல வெளிறிய சிவப்பாக, பொரபொரவென்று இருந்தது. விரலால் தேய்த்தாள். உதிர்ந்தது.

அதற்குப் பக்கத்தில் அச்சை ஒட்டித் திருகியிருந்தது ஜிங்க் கட்டி. அவள் அடித்த சிவப்புப் பெயின்ட்டோடு, ஓரம்கூட மழுங்காமல், எட்டு மாதத்துக்கு முன்னால் பார்த்தபடியே முழுசாக இருந்தது.

அன்றைக்கு ஃபிட்டர் சொல்லத்தான் செய்தான். "அண்ணி, அதுல மட்டும் பிரஷ் படக் கூடாது. உப்புத்தண்ணி எதையாவது அரிச்சே தீரும். ஜிங்க்கு பெயின்ட் இல்லாம இருந்தா அதை அரிச்சிட்டு இரும்பையும் பித்தளையையும் விட்டுடும். ஆறு மாசத்துல கட்டி கரையணும். கரைஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம். மாத்தி மாத்திப் போட்டா காத்தாடி இருபது வருஷம் ஓடும். பூசி மூடினா ரெண்டு வருஷம் தாங்காது."

அவன் அந்தப் பக்கம் போனதும் முதலாளி இந்தப் பக்கம் வந்தார். "அதையும் சேர்த்து அடி. சாம்பல் கலர்ல துருத்திக்கிட்டு அசிங்கமா இருக்கு." அசிங்கமாவது ஒன்றாவது. பூசினால் கட்டி கரையாது; கரையாவிட்டால் புதுசு வாங்க வேண்டாம். சோதனைக்கு வருகிற அதிகாரி கட்டி முழுசாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். படகுகளும் அவருடையவை, பட்டறையும் அவருடையது. கடலுக்குப் போகிறவர்களின் உயிர் மட்டும் அவருடையது இல்லை.

இதெல்லாம் அண்ணிக்குத் தெரியாமல் இல்லை. முதலாளி சொல்கிறார், நமக்கெதற்கு வம்பு என்று பிரஷ்ஷைத் தோய்த்தாள். ஃபிட்டர் மறுநாள் பார்த்துவிட்டு ஒரு வாரம் அவளிடம் பேசவில்லை. அதற்குப் பிறகு வந்த படகுகளுக்கும் பூசினாள்.

எட்டு மணிக்கு முதலாளி கூப்பிட்டனுப்பினார். அறையில் மின்விசிறி ஓடியது. மேசையில் எழுதி முடித்த காகிதம் ஒன்று இருந்தது.

"உக்காரும்மா. பத்து மணிக்கு இன்சூரன்ஸ்காரர் வர்றார். ஒண்ணுமில்ல, ஒரு சின்னக் கையெழுத்து."

"என்னன்னு எழுதியிருக்கு ஐயா?"

"ஃபிட்டர் நட்டை முறுக்காம விட்டுட்டான், காத்தாடி ஆடி ஆடி உடைஞ்சிடுச்சி. முறுக்காமப் போனதை நீ பார்த்தே. அவ்வளவுதான்."

"நான் அப்படிப் பார்க்கலியே."

"பார்த்தேன்னு சொன்னா பார்த்ததுதான். சொந்தக் கொழுந்தன் மேல சொந்த அண்ணியே சொல்றாள்னா யாரு நம்பாம இருப்பாங்க?"

"அவன் ஜெயிலுக்குப் போயிடுவானே ஐயா."

"ஆறு மாசம் உள்ள இருப்பான், வெளிய வந்தா நானே வேலை தர்றேன். உன் பொண்ணு படிப்பையும் நான் பார்த்துக்கிறேன்." நாற்காலியில் சாய்ந்தார். குரல் மாறியது. "இல்ல, உண்மையச் சொல்றேன்னு கிளம்பினேன்னு வை. பூசினது யாரு கை? என் கையா? நான் சொன்னதுக்கு ஏதாவது எழுத்து இருக்கா? நல்லா யோசி. அந்தச் சமையல்காரன் சாவு உன் தலையிலதான் விடியும்."

அவள் எழுந்து நின்றாள். காகிதத்தைத் தொடவில்லை. யோசிக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

ஃபிட்டர் உடைந்த படகின் பக்கத்தில் குந்தியிருந்தான். அந்தப் படகை ஓட்டிய டிரைவரும் அங்கே இருந்தார். கட்டுப் போட்ட ஒரு கை கழுத்திலிருந்து தொங்கியது. நெட்டச்சியும் மற்றவர்களும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். அண்ணி எதையும் மறைக்காமல் சொன்னாள்.

ஃபிட்டர் தரையைப் பார்த்தபடியே பேசினான். "கையெழுத்துப் போட்டுடுங்க அண்ணி. நீங்க உள்ள போனா பாப்பாவ யாரு பார்ப்பா? நான் ஒண்டிக்கட்டை."

"வாய மூடு" என்றாள் அவள். அவனை அவள் அப்படி அதட்டியதே இல்லை. "நீ பூசாதேன்னே. நான் பூசினேன். உன் பேச்சைக் கேட்டிருந்தா அந்த மனுஷன் இன்னைக்கு இருந்திருப்பாரு. அதுக்கு மேல உன்னையும் காட்டிக்கொடுத்துட்டு எந்த முகத்தோட சோறு திம்பேன்?"

டிரைவர் அவளையே பார்த்தார். அவர் திட்டுவார் என்று நினைத்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் கேட்டது வேறு. "இந்த மாதிரி இன்னும் எத்தனை போட்டுக்குப் பூசியிருக்கீங்க?"

நெட்டச்சி முன்னால் வந்து சொன்னாள்: "அண்ணி மட்டும் இல்ல. ரெண்டுக்கு நான் பூசினேன். பின்னால நிக்குறாளே, அவ ஒண்ணு. இந்தப் போட்டு போக எல்லாம் சேர்த்து ஆறு."

"ஆறும் எங்க இருக்கு?"

"நேத்துச் சாயங்காலம் கடலுக்குப் போச்சு."

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. காகிதமும் இன்சூரன்ஸும் எங்கோ போய்விட்டன. ஆறு படகுகளில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்கள் காலடியில் ஆறு காத்தாடிகள் செங்கல்லாகிக்கொண்டிருந்தன.

"அந்தப் பக்கம் சுரண்டிட்டிருந்த போட்டுல வயர்லெஸ் இருக்கு" என்றார் டிரைவர். "கூப்பிடுவோம்."

ஏணியில் முதலில் ஏறியவள் அண்ணிதான். பின்னாலேயே டிரைவர் ஒற்றைக் கையால் பிடித்து ஏறினார். அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்த முதலாளி செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடி வந்தார்.

"யாரு மேல ஏறச் சொன்னது? வயர்லெஸ் செட்டைத் தொட்டா எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன். மீன் பாடு நல்லா இருக்கிற நேரத்துல போட்டைத் திருப்பறீங்களா? நஷ்டத்தை உங்கப்பனா கட்டுவான்?"

ஏணியின் அடியில் விஞ்சுக்காரர் நின்றிருந்தார். முப்பது வருடம் இந்தப் பட்டறையில் தலை ஆட்டியே பழக்கப்பட்டவர். அவர் ஏணியின் முதல் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"எந்திரி பெரியவரே."

"முழங்கால் வலிக்குது முதலாளி."

நெட்டச்சி வந்து பக்கத்தில் நின்றாள். அப்புறம் மற்ற பெண்கள், வெல்டர், தச்சர் இருவர். கையில் சுரண்டியும் சுத்தியலும் இருந்தன. யாரும் ஓங்கவில்லை, கீழே வைக்கவும் இல்லை.

"வேலை போயிடும்" என்றார் முதலாளி.

"எத்தனை பேருக்கு?" என்று கேட்டான் ஃபிட்டர். "தனியா எனக்கு மட்டும்னாத்தான் உங்களுக்கு லாபம். நாங்க பதினாலு பேர் இருக்கோம். இன்சூரன்ஸ்காரர் வரட்டும். பெயின்ட்டோட அந்தக் கட்டிய அவருக்கு நாங்களே காட்டறோம்."

மேலே வயர்லெஸ் கரகரத்தது. டிரைவர் படகுகளின் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார், உடனே திரும்பச் சொன்னார். சிறிது நேரம் இரைச்சல்தான். பிறகு ஒரு குரல், எரிச்சலாக: "வலையப் போட்டுட்டு நிக்குறோம்யா. சும்மா வா வான்னா? யாரு சொன்னது?"

டிரைவர் வயர்லெஸ் மைக்கை அண்ணியிடம் நீட்டினார். கீழே முதலாளி நிற்பது தெரியும். அவள் சொல்லப்போவதை அவரும் கேட்பார், பத்து மணிக்கு வருகிறவரிடம் திருப்பிச் சொல்வார். மகள் நினைவு வந்தது. பொத்தானை அழுத்தினாள்.

"பட்டறையிலேர்ந்து பேசறேன். உங்க போட்டு ஜிங்க் கட்டிக்குப் பெயின்ட் அடிச்சவ நான்தான். அடிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சே அடிச்சேன். காத்தாடி உள்ளுக்குள்ள செத்துப்போயிருக்கும். முந்தாநாள் சமையல்காரர் செத்தது அதனாலதான். வலைய விட்டுட்டு வந்துடுங்க. மெதுவா வாங்க."

அந்தக் குரல் திரும்ப வந்தபோது எரிச்சல் இல்லை. "வர்றோம்." அடுத்து இன்னொரு படகு. அடுத்து இன்னொன்று. நெட்டச்சி கீழே நின்று விரல்விட்டு எண்ணினாள். ஐந்தில் விரல் நின்றது.

டிரைவர் ஆறாவது படகின் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. அண்ணி கூப்பிட்டாள். பதில் இல்லை. வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார். ஃபிட்டர் போய் உடைந்த படகின் பின்புறம், அந்தக் கட்டிக்கு முன்னால் நின்றான். மூன்று பேர் அவனோடு போனார்கள். மற்றவர்கள் ஏணியை விட்டு அசையவில்லை.

அண்ணி மறுபடியும் பொத்தானை அழுத்தினாள். நான்காவது முறை கூப்பிட்டபோது முதல் படகின் குரல்தான் வந்தது.

"அக்கா, அவன் செட்டு ரெண்டு நாளாவே மக்கர். எங்களுக்கு வடக்கால நிக்குறான், கண்ணுக்குத் தெரியுது. கிட்டத்துல நிக்குற நாங்க மூணு போட்டும் சேர்ந்து போய்க் கூட்டிட்டு வர்றோம். நீங்க செட்டை விட்டு எங்கயும் போயிடாதீங்க."

"போக மாட்டேன்" என்றாள் அவள். "நாங்க எல்லாருமே இங்கதான் இருக்கோம்."