தென்றலின் இடது முட்டி

மூன்றாவது வாரமும் தென்றல் நொண்டிக்கொண்டே படியேறி வந்ததைப் பார்த்ததும் பிசியோதெரபிஸ்ட் ரேவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐஸ் ஒத்தடம், பயிற்சி என்று தொண்டை வறளச் சொன்னதெல்லாம் எங்கே போயிற்று? போலீஸ் தேர்வு ஓட்டத்துக்கு இன்னும் முப்பதே நாள். வயது வரம்புப்படி தென்றலுக்கு இது கடைசி வாய்ப்பு.

"அதே இடது முட்டியா?"

"ஆமாங்க மேடம். வெளிப்பக்கம். நடந்தா கம்மி, ஓடினா ஜாஸ்தி."

"நடக்கும்போது ஒரு கால் எப்பவும் தரையில இருக்கும். ஓடும்போது ரெண்டும் மேல போயி, மொத்த ஒடம்பும் ஒத்தக் கால்ல வந்து விழும். வாங்கிக்கிறது முட்டிதான். எங்கதான் ஓடுற?"

"அடி அண்ணாமலையிலருந்து கிரிவலப் பாதையில டவுன் வரைக்கும். திரும்ப ஆட்டோ."

மறுநாள் விடிந்ததும் ரேவதி டவுனிலிருந்து ஸ்கூட்டரில் போய், தென்றல் ஓடுவதைப் பார்த்தாள். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். மழைத்தண்ணீர் வடிவதற்காகச் சாலை இடது ஓரத்தில் சரிந்திருந்தது. அந்தச் சரிவிலேயே தினமும் ஓட்டம். இடது கால் எப்போதும் பள்ளத்தில். முழங்கால் மடங்கி நீளும்போதெல்லாம் வெளிப்பக்கத் தசைநார் எலும்பில் உரசாமல் என்ன செய்யும்?

"வலது ஓரத்துல ஓடேன்!"

"அது சித்தருங்க கண்ணுக்குத் தெரியாம நடக்கிற பக்கம்ங்க."

"சரி, இதே ஓரத்துல திரும்பி ஓடு."

"மலையை எடப்பக்கம் வெச்சிக்கினா? வலமாத்தான் ஓடுறதா வேண்டுதல்ங்க மேடம்."

"ஆட்டோவுல தினம் அப்படித்தானே போற?"

"அது ஆட்டோ போறது. நானா போறேன்?"

இதற்கு எந்தப் புத்தகத்தில் மருந்து தேடுவது? "வா, பாவம் என் தலைமேல" என்று ரேவதி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பினாள். நான்கு எட்டு வைத்தாள். ஐந்தாவது எட்டுக்கு ரேவதியின் கால் எழவில்லை. மலை இடது தோளுக்குப் பக்கத்தில் நின்றது. பிறந்ததிலிருந்து அதை அந்தப் பக்கம் வைத்து அவள் நடந்ததே இல்லை. சற்று முன் ஸ்கூட்டரில் அப்படித்தான் வந்தாள் என்பது வேறு நினைவுக்கு வந்து தொலைத்தது.

"என்னங்க மேடம்?"

"ஒண்ணுமில்ல. பத்து நாள் ஓடவே கூடாது. அப்புறம் மைதானம். காலையில நானே வந்து கூட்டிட்டுப் போறேன். வேண்டுதலை வேலை கெடச்சப்புறம் நடந்து தீர்த்துக்கோ."

தென்றல் மலையைப் பார்த்தாள். ரேவதியின் கால்களைப் பார்த்தாள்.

"உங்களாலயும் முடியல இல்ல? அப்ப நீங்க சொன்னா சரிங்க மேடம்."

மூன்று வாரமாக ஒரு பேச்சும் கேட்காதவள் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.