பதினெட்டாவது தடவை பார்க்குக்கு

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதையை எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. ஒரு மாத இதழ்க்காரர்கள் 'கொச்சியில் குழந்தைகளோடு போய்வரப் பத்து இடங்கள்' என்று கட்டுரை கேட்டார்கள். மட்டாஞ்சேரியில் முப்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன், பத்து இடம் தெரியாதா என்று ஜம்பமாகத் தலையாட்டிவிட்டேன். உட்கார்ந்து எழுதினால் வந்தது இது:

'எழில் கொஞ்சும் கொச்சி மாநகரில் உங்கள் குட்டிச் செல்லங்கள் குதூகலிக்க—'

சீ! (இந்த வரியை அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்றுதான் விட்டுவைத்திருக்கிறேன். நான் பட்ட பாட்டை நீங்களும் பார்க்க வேண்டாமா?)

எனக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஹஸீபாவிடம் கேட்டேன். "எர்ணாகுளத்துல மோளைக் கூட்டிட்டு எங்கெல்லாம் போயிருக்கே?"

அவள் தலையில் போடும் ஈரத் தட்டத்தை உதறிக் கொடியில் போட்டாள். "ஆஸ்பத்திரிக்கு."

"அது இல்லடீ. வேற?"

"ஒரே ஒரு தடவ வேற எடத்துக்குப் போனோம் அக்கா" என்றாள். சொல்லும்போதே முகமெல்லாம் பல்லாகிவிட்டது. என்ன ஏது என்று கேட்டேன். கேட்டு முடிக்கும்போது துணி காய்ந்திருந்தது, என் கட்டுரை செத்திருந்தது.

2

ஆரம்பம், முதல் முயற்சி: 'ஹஸீபா ஒரு பொய்க்காரி.'

வேண்டாம். அவளே இதைப் படிப்பாள். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனாலும் படித்து முடித்ததும் என் துணியை எல்லாம் மாடியிலிருந்து தள்ளிவிடுவாள்.

இரண்டாம் முயற்சி: 'ஹஸீபா ஒரு தியாகத் தாய்.'

இது அதைவிட அபத்தம். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அவள் மகள் அன்ஸியாவுக்கு ஆறு வயது. நாலு வயதில் வலது பாதம் உள்பக்கமாகத் திரும்ப ஆரம்பித்தது. மாவுக்கட்டு போடுவது, அறுப்பது, பாதத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி மறுபடி மாவுக்கட்டு. நடுவில் ஓர் ஆபரேஷன். கட்டை அறுக்கும் மெஷினின் சத்தம் இருக்கிறதே, அதில்தான் பிள்ளை அரண்டுபோனது.* ஆஸ்பத்திரி என்று காதில் விழுந்தாலே ஓடிப்போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டும். வாப்பா தாவூது விடிந்ததும் இஞ்சிக் கிடங்குக்கு லோடு இறக்கப் போய்விடுவான். ஒற்றை ஆளாக ஹஸீபா என்ன செய்வாள்? "பார்க்குக்குப் போறோம் மோளே" என்றாள். பிள்ளை சிரித்துக்கொண்டே பஸ் ஏறியது.

இரண்டாம் தடவையும் நம்பியது. மூன்றாம் தடவை பாதி நம்பியது. அப்புறம் சுத்தமாக நம்பவில்லை. ஹஸீபாவும் சொல்வதை நிறுத்தவில்லை, வேறு என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. இப்படிப் பதினேழு தடவை.

போன மாதம் டாக்டர் "இனி வர வேண்டாம்" என்றார். கால் நேராகிவிட்டது. பிள்ளைக்கு மட்டும் உம்மாவின் சொல்லில் நம்பிக்கை திரும்பவில்லை. 'சோறு ஆறிடுச்சு' என்றால்கூட விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கும். அதைச் சொன்னபோது ஹஸீபா என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகவே அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பார்க் என்று சொல்லி, பார்க்குக்கே கூட்டிப்போக வேண்டும்.

* இந்த மெஷின் தோலை வெட்டாது என்று நர்ஸ் தன் உள்ளங்கையில் வைத்தே காட்டுவாராம். நாலு வயதுப் பிள்ளையிடம் இதை எடுத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் தாராளமாக முயலலாம்.

3

(கட்டுரையின் 'இடம் 1: வாட்டர் மெட்ரோ. குளுகுளு வசதி, அகலமான கண்ணாடி ஜன்னல்கள்' இங்கே வந்து சேர்கிறது. வீணாக்குவானேன்?)

ஞாயிற்றுக்கிழமை. பஸ் என்றால் பிள்ளைக்குச் சந்தேகம் வரும் என்று ஹஸீபா மட்டாஞ்சேரி படகுத்துறைக்கு, அந்தப் புதுப் படகுக்குக் கூட்டிப்போனாள்.

"எங்க போறோம்?"

"பார்க்குக்கு."

அன்ஸியா உம்மாவை ஏற இறங்கப் பார்த்தது. "பொய்."

"அல்லா மேல சத்தியம் மோளே. இன்னைக்கி ஞாயிறாழ்ச்ச. ஓபி கிடையாது."

"காஷுவாலிட்டி தொறந்திருக்கும்ல?"

அடேயப்பா! ஞாயிறும் திறந்திருக்கும் அவசரப் பிரிவு வரைக்கும் தெரிந்துவைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் அந்த இடத்தில் நான் வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். ஹஸீபா திரும்பவில்லை. படகில் இருந்த பிள்ளைகள் எல்லாம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக் கப்பல் பார்த்துக்கொண்டிருக்க, அன்ஸியா ஒருத்தி மட்டும் உம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு எர்ணாகுளத்து ஐகோர்ட் படகுத்துறை வரைக்கும் வந்தது.

அங்கே ஆட்டோ. பிள்ளை முன்னால் எக்கி டிரைவரிடமே கேட்டுவிட்டது. "சேட்டா, ஆஸ்பத்திரிக்கா?"

"அல்ல மோளே, பார்க்கிலேக்கா."

அன்ஸியா பின்னால் சாய்ந்து உட்கார்ந்தது. "அவருகிட்டயும் சொல்லி வெச்சிருக்கே."

4

பார்க் வாசல். உள்ளே ஊஞ்சல், சறுக்குமரம், பிள்ளைகளின் கூச்சல். இனி என்ன, ஜெயித்தாயிற்று என்று ஹஸீபா டிக்கெட்டுக்காகப் பையைத் திறந்தாள்.

தண்ணி பாட்டில், துவாலை, மாற்று உடுப்பு. அடியில் நீல ஃபைல்.

ஆஸ்பத்திரி ஃபைல்! சத்தியமாக அவள் எடுத்துவைக்க நினைக்கவே இல்லை. இரண்டு வருஷமாக எர்ணாகுளம் என்றால் பையில் இந்த வரிசைதான். மனம் பார்க்குக்குக் கிளம்ப, கை பாட்டுக்கு ஆஸ்பத்திரிக்குப் பை கட்டியிருக்கிறது.

(கட்டுரைக்குப் பதிலாக அனுப்பிய இந்தக் கதையைப் படித்துவிட்டு இதழாசிரியர் போனில் சொன்னார்: "இதை எடுத்துடுங்க மேடம், எந்தத் தாய் இப்படி மறப்பா?" எடுத்துப் பார்த்தேன். கதை நொண்டியது. திரும்பப் போட்டுவிட்டேன். ஐயா, உங்கள் வீட்டில் யாரும் ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில்லை போலிருக்கிறது.)

அன்ஸியா பார்த்துவிட்டது. அப்படியே நடைபாதையில் உட்கார்ந்து வீறிட்டது. டிக்கெட் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

5

இங்கே நான் மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) ஐஸ்கிரீமோடு தாவூது வந்து நிற்கிறான். (ஹஸீபா: "அவரு எங்க வந்தாரு? அன்னைக்கி லோடு இருந்துச்சு.")

ஆ) மழை கொட்டுகிறது. தாயும் மகளும் நனைந்தபடி— (ஹஸீபா: "நல்ல வெயிலாக்கும்.")

இ) இருவரும் இடப்பள்ளிக்குப் போய்ப் பெரிய மாலில் நகரும் படிக்கட்டு ஏறி— (ஹஸீபா என்னைப் பார்த்த பார்வையே போதும்.)

"அப்ப நீ என்னதான்டீ செஞ்சே?"

"நானும் ரோட்டுல உக்காந்துட்டேன் அக்கா."

ஆமாம், உட்கார்ந்துவிட்டாள். யார் பார்த்தால் என்ன என்று மகளுக்கு எதிரே சம்மணம் போட்டுக்கொண்டாள்.

"பதினேழு தடவ உங்கிட்டப் பொய் சொன்னேன். எனக்கும் அந்த மெஷின் பயம். நேராச் சொல்லத் தைரியம் வரல்ல. தப்பு என்னோடது மோளே."

அழுகை பாதியில் நின்றது. பெரியவர்கள் தப்பை ஒத்துக்கொள்வதை அது அதற்குமுன் பார்த்ததில்லை.

ஹஸீபா ஃபைலை எடுத்து நீட்டினாள். "இது இல்லாட்டி டாக்டர் பார்ப்பாரா?"

அன்ஸியா யோசித்தது. ஒருதரம் உம்மா ஃபைலை மறந்துவிட்டதால் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன் ஆஸ்பத்திரி வாழ்க்கையிலேயே ஆக நல்ல நாள் அதுதான். "மாட்டாரு."

"அப்ப நீயே வெச்சுக்கோ. நீ முன்னால நட, நா பின்னால வர்றேன்."

பிள்ளை ஃபைலை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டது. மூக்கைத் துடைத்தது. எழுந்து வாசலைத் தாண்டி முன்னால் நடந்தது. நேரான காலோடு நடந்தது, ஐயா! டிக்கெட் கிழிப்பவர் ஃபைலைப் பார்த்துவிட்டு, ஏதோ ஆபீஸர் வருகிறாப்போல ஒதுங்கி வழிவிட்டாராம்.

6

சறுக்குமரத்துக்கு ஏணி உண்டு. ஏற இரண்டு கையும் வேண்டும். ஃபைலை வைத்துக்கொண்டு ஏற முடியாது.

அன்ஸியா ஏணியைப் பார்த்தது, ஃபைலைப் பார்த்தது, உம்மாவைப் பார்த்தது. பின்னால் வரிசை கத்துகிறது. ஹஸீபா வாயைத் திறக்கவில்லை. "நம்பு" என்று சொல்லும் யோக்கியதை தனக்கில்லை என்று அவளுக்குத் தெரியும்.

பிள்ளை ஃபைலை அவளிடம் நீட்டியது. "பிடி."

ஏறியது. வலது கால், இடது கால், வலது கால். உச்சியில் உட்கார்ந்து கீழே குனிந்து பார்த்தது. முகம் வெளுத்திருந்தது.

"உம்மா, பிடிப்பியா?"

"பிடிப்பேன்."

பிடிக்கவும் இரண்டு கை வேண்டுமே! ஹஸீபா ஃபைலைத் தூக்கி மணலில் எறிந்தாள். எக்ஸ்ரேயும் சீட்டும் நாலா பக்கமும் பறந்தன. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

அன்ஸியா கம்பியை விட்டது. தொட்டுப் பார்க்கவில்லை, இன்னொரு தடவை கேட்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, பார்க் முழுக்கக் கேட்கும்படி "உம்மாஆஆ" என்று கத்திக்கொண்டு, உம்மாவின் நெஞ்சிலேயே வந்து விழுந்தது. இரண்டு பேரும் மணலில் உருண்டார்கள்.

சொல்லும்போது ஹஸீபா அழுதாள். கேட்கும்போது நானும்தான். இதில் என்ன வெட்கம்?

7

முடிவு வேண்டுமே. பிள்ளை உடனே எழுந்து ஏணிக்கு ஓடியது. இரண்டாவது, ஐந்தாவது, பன்னிரண்டாவது தடவை. காவலாளி விசில் ஊதினார். வெளிச்சம் குறைந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள்.

இதோ, அது இன்னும் உச்சியில்தான் உட்கார்ந்திருக்கிறது, வெற்றிச் சிரிப்போடு. 'நேரமாச்சு, வா வீட்டுக்குப் போகலாம்' என்று யாராவது சொல்லியாக வேண்டும். ஹஸீபா சொல்ல மாட்டாள். எனக்கும் தைரியம் இல்லை. வாசகரே, நீங்கள் சொல்லிப் பாருங்கள்.