தெரியாமல் நடந்த விவாகரத்து

கணவன் அன்செல்மோவை அடக்கம் செய்து நாற்பது நாள் கழித்து, ஹெனோவேவா தன் தீவு ஊரான குவானிகாவின் நகராட்சிக் கட்டிடத்துக்குப் போனாள். முன்னாள் படைவீரர்களின் குடும்பத்துக்கு மனு எழுதிக் கொடுக்க அங்கே ஓர் அறை உண்டு. அதில் இருந்த வில்மரும் பட்டாளத்துக்காரர்தான்; ஒரு காது கேட்காது.

வியட்நாம் காட்டில் விமானத்திலிருந்து தெளித்த மருந்துதான் இத்தனை வருடம் கழித்து அன்செல்மோவின் நுரையீரலைத் தின்றது என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அப்படி இறந்தவரின் மனைவிக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை தரும். ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

வில்மர் கணினித் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வயதான பெண்களை அந்த ஊரில் மரியாதையாக 'டோன்யா' என்றுதான் கூப்பிடுவார்கள்; அவரும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

"டோன்யா, தப்பா எடுத்துக்காதீங்க. அவர ரெண்டாந்தரம் எப்ப கட்டிக்கிட்டீங்க?"

"ரெண்டாந்தரமா? ஒரு தரம் கட்டினதுக்கே எங்கம்மா ஒரு மாசம் எங்கிட்டப் பேசல."

அவர் சிரிக்கவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பினார். நியூயார்க்கில் 1988 நவம்பரில் கொடுக்கப்பட்ட விவாகரத்துத் தீர்ப்பு. அன்செல்மோவே அதன் நகலைப் படைவீரர் அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தான்.

"இது வேற யாராவது அன்செல்மோவா இருக்கும்."

"பட்டாள எண் அவரோடதுதான், டோன்யா."

அந்த வருடம் அவன் நியூயார்க்கில் ஒரு கிடங்கில் வேலை செய்தான். பதினான்கு மாதம். கடிதங்கள் குறைந்து, பிறகு நின்றே போயின. மறு ஜனவரியில் ஒரே ஒரு பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். அவள் எதுவும் கேட்கவில்லை. தட்டில் சோறும் பீன்ஸும் போட்டு வைத்தாள்.

"அப்ப நான் யாரு?" என்று கேட்டாள். தன் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல இருந்தது.

வில்மர் கண்ணாடியைக் கழற்றினார். "சட்டப்படி அவரு சாகும்போது நீங்க அவரு மனைவி இல்ல. ஆனா ஒரு வழி இருக்கு. இது உங்களுக்குத் தெரியவே தெரியாது, கடைசிவரைக்கும் ஒரே வீட்ல குடும்பம் நடத்தினீங்கன்னு காட்டினா கேட்டுப் பாக்கலாம். சிக்கல் என்னன்னா, கோர்ட்டு நோட்டீஸ உங்க கையிலயே கொடுத்ததா எழுதியிருக்கு. கையெழுத்தும் இருக்கு."

பெயர் அவளுடையது. எழுத்து அவளுடையதல்ல. இடது பக்கம் சாய்ந்து விழுகிற அந்த எழுத்தை அவள் நாற்பது வருடமாகக் கடைச் சீட்டுகளில் பார்த்திருக்கிறாள். அன்செல்மோவின் தங்கை நெரெய்டாவின் இடதுகை எழுத்து.

பக்கத்து வீடுதான் நெரெய்டாவுக்கு. சமையலறையில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். ஹெனோவேவா நகலை அவள் முன்னால் வைத்தாள்.

"இது யாரு போட்டது?"

நெரெய்டா கத்தியைக் கீழே வைத்தாள். மறுக்கவில்லை.

"உனக்கு வயித்துல ஆபரேஷன் ஆன வாரம், அண்ணி. நீ ஆஸ்பத்திரில கெடந்தே. நோட்டீஸ் கொண்டாந்த கோர்ட்டு ஆளு வாசல்ல நின்னுக்கிட்டு நீதானே ஹெனோவேவான்னு கேட்டான். ஆமான்னுட்டேன். இதயும் உங்கிட்ட நீட்டினா நீ எந்திரிக்கவே மாட்டேன்னு தோணிச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அண்ணனே திரும்பி வந்துட்டான்."

"எனக்குத் தெரியாதுன்னு அவருக்குத் தெரியுமா?"

நெரெய்டா இல்லையென்று தலையை அசைத்தாள். "எல்லாத்தயும் படிச்சிட்டு, வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்காம நீ சோறு போட்டேன்னு நெனச்சான். எங்கிட்ட வந்து அழுதான். நான் சொல்லல."

ஹெனோவேவா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். வருடத்துக்கு ஒரு தடவையாவது அவன் கேட்பான்: "ஹெனோ, நாம கல்யாணம் பண்ணிக்குவமா?" அவளும் சிரித்துக்கொண்டே, "உன்ன ஒரு தரம் கட்டினதே போதும், போய்க் கோழிக்குத் தீனி போடு" என்பாள். அவனும் போவான். ஆஸ்பத்திரியில் மூச்சுக் குழாயோடு படுத்திருந்தபோதும் கேட்டான். பேசாமல் தூங்கு என்று போர்வையை இழுத்து விட்டாள். முப்பத்திரண்டு வருடமாக அவன் கேட்டது விளையாட்டுக்கு அல்ல.

நகலை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். பதினோரு நாள் அந்த வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பன்னிரண்டாம் நாள் வில்மர் தொலைபேசியில் அழைத்தார். நெரெய்டா தானாகவே வந்து, கள்ளக் கையெழுத்துப் போட்டது நான்தான் என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருக்கிறாளாம்.

"கேஸ் வந்தாலும் வரலாம்னு சொல்லிப் பாத்தேன், டோன்யா. எழுபத்தி மூணு வயசுல என்னத் தூக்கிட்டுப் போறவன் மாத்திரையையும் சேத்துத் தூக்கிட்டுப் போகட்டும்னாங்க."

அண்டை வீட்டார் இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். பத்து மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஹெனோவேவா பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"என்ன எழுதியிருக்கு, அண்ணி?"

"அவரு பெண்டாட்டின்னு ஒத்துக்கிட்டாங்க."

நெரெய்டா மார்பில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு அழுதாள். ஹெனோவேவா அழவில்லை. கடிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நான் மன்னிச்சிட்டேன்னு நெனச்சே வாழ்ந்துட்டுப் போயிட்டாரு," என்றாள். "அன்னிக்கு அந்தக் காகிதம் என் கைக்கு வந்திருந்தா மன்னிச்சிருப்பேனான்னு எனக்கே தெரியல, நெரெய்டா."